பதிமூன்று மில்லிமீட்டர்

என் ஏழு, ஒன்றைப் போலிருக்கும்.
அதனால்தான் ஓங்கோல் பந்தயத்தில்
நாலாயிரத்து எழுபத்தேழாம் வளையக்காரி
நாலாயிரத்துப் பதினொன்றாகப் பதிவாகி
பரிசு மிக்ஸி
கொருக்குப்பேட்டைக்குப் போய்விட்டது.

"கையெழுத்தா இது, கோழி கிளறின மாதிரி.
அடுத்த சீசனுக்கு அட்டையெல்லாம் அச்சுல வரணும்"
என்றார் செயலாளர் தணிகைவேல்.
கோழி என்கிறார்,
புறா வளர்க்கிறவனிடம்.

முப்பத்தெட்டுப் புறா.
ஒன்றுக்கு ஓர் அட்டை, மூன்றுக்கு ஐந்து அங்குலம்:
வளைய எண், நிறம், அப்பன், ஆத்தா,
எங்கே திறந்துவிட்டோம்,
எத்தனை மணிக்கு மொட்டைமாடியில் இறங்கியது.
அட்டைக்கென்றே அளவெடுத்தாற்போல்
ஒரு பிஸ்கட் டப்பா.

சனிக்கிழமை ரிச்சி தெரு.
சட்டைப்பையில் ஒன்பதாயிரம்,
போனஸில் வீட்டுக்குச் சொன்னது போக மிச்சம்.

முதல் கடையில் மூவாயிரத்துச் சொச்சம்தான்.
"மை எவ்வளவுப்பா?"
பையன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.
இரண்டு முறை மை வாங்கினால்
இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அடுத்த கடையில் லேசர்.
எழுத்து கத்தி மாதிரி இருந்தது.
அட்டைதான்
சுட்ட அப்பளமாய்ச் சுருண்டு வந்தது.

குறுகிய படியேறி மூன்றாவது கடை.
நிலோஃபர் என்று பெயர் அட்டை குத்தியிருந்த பெண்
என் அட்டையை வாங்கி
முருங்கைக்காயைப் பதம் பார்ப்பதுபோல்
லேசாக வளைத்தாள்.

"முன்னாடி தட்டு வச்ச மிஷின் வேணாம் சார்.
பேப்பர் உள்ளே போய் குட்டிக்கரணம் அடிச்சு
போட்ட பக்கமே திரும்பி வரும்.
இவ்ளோ தடி அட்டை முதுகு வளையாது.
பின்னாடி சொருகுறது எடுங்க. நேரா போயிடும்."

போட்ட பக்கமே திரும்பி வரத்தான்
பதினாறு வருஷமாய்ப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்கு வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

பின்னால் சொருகும் மிஷின். பாட்டிலில் மை.
எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம்.
எல்லாம் சரி.
"ஆனா குறைஞ்ச அகலம் எண்பத்தொன்பது மில்லி.
உங்களது எழுபத்தாறு.
பதிமூணு மில்லி பத்தலை சார்."

பதிமூன்று மில்லி என்பது
என் சுண்டுவிரல் நகம்.
"போட்டுத்தான் பாரேம்மா" என்றேன்.

போட்டாள்.
உருளை ஒரு முறை பிடித்து, நழுவி,
கோணலாய் இழுத்து
எங்கேயோ உள்ளே வைத்துக்கொண்டது.
சிவப்பு விளக்கு.

இனித் தேவைப்படாது என்று
நான் எடுத்துவந்திருந்த அட்டை அது.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு, சாம்பல் பட்டை.
மூன்று வருடம் முன் விஜயவாடாவில் திறந்துவிட்டோம்.
இறங்கிய நேரம் காலி.
நாலு நாள் மாடியில் குடை பிடித்து நின்றேன்.

மூடியைக் கழற்றினாள், டார்ச் அடித்தாள்,
புருவம் திருத்தும் இடுக்கியை
கைப்பையிலிருந்து எடுத்தாள்.
ஒரு ஓரம் தெரிந்தது. பிறகு பாதி.

"வந்துருச்சு சார்!"

மொட்டைமாடியில் நாங்கள் போடும் கூச்சலும்
இதே ஒரு வார்த்தைதான்.
நான் அந்தப் பக்கம் திரும்பி
கேபிள்களின் விலையைப் படித்துக்கொண்டிருந்தேன்,
கொஞ்ச நேரம்.

நாலுக்கு ஆறு அட்டை என்றால்
எந்த மிஷினும் ஏற்கும் என்றாள்.
இருநூறு வாங்கினேன், கையில் எதுவும் மிஞ்சவில்லை.
மடியில் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில்
புளியந்தோப்பு வருவதற்குள்
கால் இரண்டும் மரத்துப்போயின.

புது அட்டைக்குப் பிஸ்கட் டப்பா மூடவில்லை.
ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன்.
அச்சில் ஏழு ஏழாக இருக்கிறது,
தணிகைவேல் கண்ணாடி போடாமலே படிப்பார்.

முப்பத்தெட்டு முடிந்ததும்
இன்னொன்றும் அடித்தேன், சாம்பல் பட்டைக்கு.
இறங்கிய நேரத்துக்கு மட்டும்
இடம் விட்டிருக்கிறேன்,
பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

ஏழு வந்தால்
நடுவில் ஒரு கோடு போட வேண்டும்.